டப்பாவில் ஒரே ஒரு சீட்டு

ஒரு டிசம்பர் காலையில் என் கட்டிலுக்கு அடியில் ஒரு கிண்ணம் இட்லி மாவு இருந்தது. வாய்க்கு வெள்ளைத் துணி கட்டி, அதன் மேல் 'எண் 5, தொடாதீர்கள்' என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. செருப்பைத் தேடிக் குனிந்த என் வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இது யாருக்கு நேர்ந்துக்கிட்டது?" என்று கேட்டார்.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது மேல் வீட்டுப் பெண் ஜெனி வந்து, "ஆன்ட்டி, உங்க ரூம்ல ஒண்ணு வச்சுக்கலாமா?" என்று கேட்டாள். என்ன, ஏது என்று விசாரிக்காமல் தலையை ஆட்டிவிட்டேன். அந்தக் குடும்பத்திடம் விசாரிக்காமல் தலையாட்டக் கூடாது என்று அதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மேலே போய்க் கேட்டேன். ஜெனியின் அப்பா சிரித்த முகமாகக் கதவைத் திறந்தார்.

"ஏனுங்க அக்கா, இந்தக் குளிர்ல மாவு ஏன் பொங்க மாட்டேங்குதுன்னு பாப்பா கேட்டுப்போட்டாளுங்க. செஞ்சே பாத்துப் போடலாம்னு ஏழு எடத்துல வச்சிருக்கோம். இந்தக் கட்டடத்துலயே உங்க ரூம்தானுங்க வெதுவெதுன்னு இருக்குது. மேக்குச் செவுரு."

மற்ற ஆறு கிண்ணங்களும் அவர் வீட்டில் இருந்தன. குளிர்சாதனப் பெட்டியின் தலையில் ஒன்று, இன்வெர்ட்டர் பக்கத்தில் ஒன்று, அவருடைய பழைய ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒன்று. ராத்திரி டூட்டி முடிந்து வந்த அவர் மனைவி ஸ்டெல்லா, நர்ஸ் உடுப்புகூட மாற்றாமல் அடுப்படியில் நின்று காய்ந்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தாள்.

"ஏழு கிண்ணம் மாவு இருக்கு அக்கா, எனக்கு ஒரு இட்லி இல்ல" என்றாள். சண்டையாகச் சொல்லவில்லை. இன்றைக்கு மழை வரும்போல இருக்கிறது என்பதைப் போலச் சொன்னாள்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது படித்துவிட்டு, பெயர் எதற்காக வைக்கிறார்கள் என்று ஆராயக் கிளம்பிவிடுவார். நாங்கள் கீழ் வீடு, அவர்கள் மாடி. ஆறு வருஷம் இருந்தார்கள். பூர்வீகம் தமிழ்நாட்டு எல்லையோரம் ராமாபுரம் பக்கம். மைசூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்கள் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தவர், ஜெனிக்கு ஆறு வயதானபோது அதை விட்டுவிட்டார். விட்டுவிட்டு மகளை வீட்டிலேயே படிக்கவைத்தார்.

முதல்முதலில் வீடு பார்க்க வந்த அன்று, "பொண்ணு எந்த ஸ்கூல்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"வீட்லயேதானுங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தின் அலுவலகத்தில் இருபது வருஷமாகக் கிளார்க். சேர்க்கைப் படிவம் கொடுப்பது, வாங்குவது, அதில் அடித்தல் திருத்தல் இருந்தால் திருப்பி அனுப்புவது, இதுதான் என் வேலை. சாப்பாட்டுக் கடைக்காரனிடம் வந்து 'நாங்கள் வெளியில் சாப்பிடுவதில்லை' என்று சொன்னதுபோல இருந்தது. வாடகைக்கு விட வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் அவர் எங்கள் தண்ணீர் மோட்டாரைக் கழற்றி, ஆறு மாதமாக அது போட்டுக்கொண்டிருந்த கரகரச் சத்தத்தை நிறுத்திவிட்டார்.

அவர்கள் வீட்டில் பாடத்திட்டம் என்று எதுவும் கிடையாது. ஒரு பிஸ்கெட் டப்பா இருந்தது. பச்சைத் தகரம், மூடியில் மயில் படம். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஜெனி தனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சீட்டில் எழுதி அதில் போட வேண்டும். எத்தனை வேண்டுமானாலும் போடலாம். திங்கட்கிழமை காலை டிபன் முடிந்ததும் அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். எது வந்தாலும் அந்த வாரம் அதுதான் பாடம். கணக்கு, ஆங்கிலம், சரித்திரம் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே எங்காவது நுழைத்துவிடுவார். சட்டம் ஒன்றே ஒன்று. வந்த சீட்டை மறுக்கக் கூடாது.

இந்தச் சட்டத்தால் அதிகம் கஷ்டப்பட்டது நான்தான். 'கக்கூஸில் தண்ணீர் எங்கே போகிறது?' என்று ஒரு வாரம் சீட்டு வந்தது. அவர் பீங்கானோடு கழற்றி மொட்டை மாடியில் பரப்பிவைத்தார். மூன்று நாள் அந்தக் குடும்பம் எங்கள் கழிவறைக்கு வந்து போனது. ஜெனி ஒவ்வொரு தடவையும் ஒரு நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் உள்ளே போகும்போதும் குறித்தாள். மனுஷர் அதற்குப் பிறகு ஒரு வாரம் ஆபீஸிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வந்தார்.

கோபித்துக்கொள்ளவும் முடியாது. திட்டுவதற்கென்றே மனதில் வாக்கியங்களைக் கட்டிக்கொண்டு படியேறிப் போவேன். "வாங்க்கா, வாங்க்கா, சரியான நேரத்துக்கு வந்தீங்க, இதக் கொஞ்சம் பிடிங்க" என்று என் கையில் எதையாவது கொடுத்துவிடுவார். பிடித்துக்கொண்டு நிற்பேன். கீழே இறங்கும்போதுதான் திட்ட வந்தது ஞாபகம் வரும்.

ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் வந்த பிறகு எங்கள் மொட்டை மாடித் தொட்டி ஒரு நாளும் நிரம்பி வழியவில்லை. தொட்டி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு வாரப் பாடம் நடந்தது. இருபத்திரண்டு நிமிஷம். இரண்டு வீட்டுக்கும் மோட்டார் போடுவதும் அணைப்பதும் அப்பா, மகள் பொறுப்பாகிவிட்டது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு இருபத்தோராவது நிமிஷம் இருவரும் சுவிட்ச் பக்கத்தில் போய் நிற்பார்கள்.

அவருக்குப் பிடித்த நேரம் காலை பதினொரு மணி. பெரியவர்கள் ஆபீஸுக்கும் சிறியவர்கள் பள்ளிக்கும் போய்விட்டிருப்பார்கள், ஊரே நமக்குத்தான் என்பார். மகளைக் கூட்டிக்கொண்டு அந்த நேரத்துக்குத்தான் கிளம்புவார். தேவராஜா மார்க்கெட்டில் வெற்றிலை அடுக்குவதைப் பார்க்க, ஏதாவது ஒரு சிட்டி பஸ்ஸில் ஏறிக் கடைசி ஸ்டாப் வரை போய்விட்டு அதே பஸ்ஸில் திரும்ப. பதினொரு மணிக்கு ஒரு குழந்தை தெருவில் நடந்தால் மைசூர் சும்மா இருக்குமா? கண்டக்டர், பூக்காரம்மா, ஆட்டோக்காரர் என்று எல்லோரும் கல்வி அதிகாரி ஆகிவிடுவார்கள். "ஏனம்மா, இவத்து ஸ்கூல் இல்வா?" என்று, இன்றைக்குப் பள்ளி இல்லையா என்பதில் கன்னடத்தில் தொடங்கி, பதிமூணெட்டு எவ்வளவு என்பதில் வந்து நிற்பார்கள். ஜெனி பதில் சொல்லிவிட்டு, அவர்களிடமே திருப்பி ஏதாவது கேட்பாள். வண்டி ஓட்டும்போது உங்களுக்கு எந்தக் கால் முதலில் வலிக்கும் என்று ஆட்டோக்காரரைக் கேட்டாளாம். அந்த மனிதர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அரை மணி நேரம் தன் முழங்காலைப் பற்றிப் பேசினாராம்.

அப்படி அவள் கேட்கும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். சாப்பிட்டு முடித்தவன் முகம்போல நிறைந்து இருக்கும்.

ஒரு நாள் அதற்குக் காரணத்தைச் சொன்னார். என் மிக்ஸியைப் பிரித்துவைத்துக்கொண்டு, தலை நிமிராமல் சொன்னார்.

"மூணாங் கிளாஸ்ல, மழை ஏன் சாஞ்சு பெய்யுதுன்னு கேட்டேனுங்க அக்கா. வாத்தியாரு பெஞ்சு மேல ஏத்தி நிக்க வச்சுப்போட்டாரு. அன்னிக்கு வாயை மூடுனவன்தானுங்க. முப்பது வயசு வரைக்கும் ஒருத்தருகிட்ட ஒண்ணு கேக்கல. ஸ்டெல்லாகிட்ட, என்னக் கட்டிக்கறயான்னு கேக்க ரெண்டு வருசமா வாய் வரலீங்க. கடைசில அவளேதான் கேட்டா."

"அதுக்காக எல்லா ஸ்கூலும் அப்படியா தம்பி?" என்றேன். நான் சம்பளம் வாங்கும் இடமாயிற்றே.

"இல்லீங்க்கா, நல்லவங்க இருப்பாங்க. ஆனா இவ கேக்கறத நிறுத்திப்போட்டான்னா மறுபடி எப்படி ஆரம்பிச்சு வைக்கறதுன்னு எனக்குத் தெரியாதுங்க. எனக்கு அது ஒண்ணுதான் பயம்."

தெரியாது என்ற வார்த்தையை அவர் வெட்கமில்லாமல், ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்கிறவர். உடனே 'செஞ்சே பாத்துப் போடலாங்க' என்று சேர்ப்பார். அன்றைக்கு அதைச் சேர்க்கவில்லை.

ஜெனிக்குப் பன்னிரண்டு நடந்துகொண்டிருந்தபோது, ஜூன் மாதம் பள்ளிக்கூடங்கள் திறந்த இரண்டாவது வாரம், திங்கட்கிழமை அவர் டப்பாவுக்குள் கைவிட்டு எடுத்த சீட்டில் 'ஸ்கூல் என்றால் என்ன?' என்று இருந்தது.

ஸ்டெல்லாதான் எனக்குச் சொன்னாள். சீட்டை இரண்டு தடவை படித்தாராம். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாராம். பிறகு வழக்கம்போல, "செஞ்சே பாத்துப் போடலாம்" என்றாராம்.

செய்தார். மாடியில் ஒரு பள்ளிக்கூடத்தையே தொடங்கினார். எவர்சில்வர் தட்டும் கரண்டியும் மணி. எந்த நிறத்தில் சீருடை தைக்கலாம் என்று என்னிடம்தான் கேட்டார். நீலம் என்றேன். காலை எட்டே முக்காலுக்கு என் தலைக்கு மேலே பிரார்த்தனை நடந்தது. அடுத்து வருகைப் பதிவு. அதில் ஒரே ஒரு பெயர். "ஜெனி!" "ப்ரசென்ட் சார்!" பிறகு ஒரு நிமிஷம் அமைதி. மற்ற பெயர்கள் இருந்தால் ஆகக்கூடிய நேரத்தை அவர் விட்டுவைத்தார் என்று நினைக்கிறேன். அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டு நான் புடவை மடிப்பைப் பிடித்த கையோடு நிற்பேன்.

வியாழக்கிழமை பெற்றோர் சந்திப்பு. ராத்திரி டூட்டி முடிந்து வந்த ஸ்டெல்லாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார். பள்ளி அலுவலகத்தின் சார்பாக நானும் இருக்க வேண்டுமாம். ஆபீஸுக்குப் போகிற அவசரத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே நின்றேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, குரலைக் கனமாக்கிக்கொண்டார்.

"உங்க பொண்ணு கிளாஸ்ல ரொம்பப் பேசறாளுங்க மேடம்."

ஸ்டெல்லா தூக்கக் கலக்கத்தில் நிஜமாகவே, "சாரி சார்" என்றாள்.

ஜெனிதான் குறுக்கிட்டாள். "யார்கிட்டப்பா பேசறேன்? பக்கத்துல யாருமே இல்லையே."

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. நீலச் சீருடையில், இரட்டைப் பின்னலில், மேசை முன்னால் தனியாக உட்கார்ந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"அப்பா, இது ஸ்கூல் இல்ல. நீங்க நல்லாத்தான் செய்றீங்க. ஆனா இது அது இல்ல."

அன்று சாயங்காலம் அவர் என் வீட்டுக்கு வந்தார். எதையும் கழற்ற வரவில்லை, கையில் ஸ்குரூடிரைவர் இல்லை.

"ஏனுங்க அக்கா, உங்க ஸ்கூல்ல ஒரு வாரத்துக்குச் சேத்துக்குவாங்களா?"

"ஒரு வாரத்துக்கெல்லாம் படிவம் கிடையாது தம்பி."

"பாடம் அரைகுறையா நிக்குதுங்க. சட்டம் இருக்குதில்லீங்களா."

தலைமை ஆசிரியை நல்ல மனுஷி. பார்வையாளராக ஏழாம் வகுப்பில் ஒரு வாரம் உட்காரட்டும் என்று அனுமதி கொடுத்தார். அந்த ஒரு வாரமும் அவர் மோட்டார் போடும் வேளையைத் தவிர மற்ற நேரமெல்லாம் எங்கள் பள்ளி எதிரே இருக்கும் டீக்கடையில்தான் இருந்தார். ஜெனி இடைவேளையில் நான்கு பெண்களோடு கைகோத்துக்கொண்டு போனதை அலுவலக ஜன்னலிலிருந்து நான் பார்த்தேன். அவரும் கம்பி வேலி வழியாகப் பார்த்திருப்பார்.

அடுத்த திங்கட்கிழமை வந்த சீட்டு: 'ஸ்கூல், இன்னொரு வாரம்.' அதற்கும் அடுத்த திங்கட்கிழமை: 'ஸ்கூல், எல்லா வாரமும்.'

மறுபடி என் வாசலில் வந்து நின்றார். சீட்டை என்னிடம் நீட்டினார்.

"வேற சீட்டு எடுக்க வேண்டியதுதானே?" என்றேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆறு வருஷமாக அந்தப் பெண்ணைப் பள்ளியில் சேர்க்கச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தியவள் நான்.

"டப்பாவுல ஒரே ஒரு சீட்டுதானுங்க்கா இருந்துச்சு" என்றார்.

சேர்ப்பதற்கு முன் ஒரு சின்னத் தேர்வு வைத்தார்கள். அதில் ஒரு தொட்டி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு கணக்கு. ஜெனி விடையைச் சரியாக எழுதிவிட்டு, கீழே, 'பைப்பில் பாசி இருந்தால் இந்த விடை தப்பு. எந்தத் தொட்டி என்று சொன்னால் நேரில் பார்த்துச் சொல்கிறேன்' என்று சேர்த்திருந்தாள். தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு அதைக் காட்டிச் சிரித்தார். பிறகு, "எவ்வளவு நாளைக்கு இப்படி எழுதுவாளோ" என்றார்.

படிவத்தை அவரே பூர்த்தி செய்து கொடுத்தார். 'முன்பு படித்த பள்ளி' என்ற இடத்தில் 'வீடு' என்று எழுதியிருந்தார். 'அங்கிருந்து விலகும் காரணம்' என்ற இடத்தில் 'கேட்டாள்' என்று எழுதியிருந்தார். வேறு யாராவது அப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பியிருப்பேன். முத்திரை குத்தி உள்ளே வைத்துவிட்டேன். அதைத் தவிர என்னால் என்ன செய்ய முடியும்?

ஜெனி சந்தோஷமாக இருந்தாள். அதில் எந்தச் சந்தேகமும் வேண்டாம். ஒரே மாதத்தில் அவளுக்குத் தோழிகள், பட்டப்பெயர், கோரஸ் பாட்டு எல்லாம் வந்துவிட்டன. அவர் தினமும் மூன்றரைக்குக் கேட்டில் நிற்பார். ஒரு நாள் நானும் அதே நேரத்தில் வெளியே வந்தேன். மகளிடமிருந்து பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "இன்னிக்கு என்ன சாமி கேட்ட?" என்றார்.

"எதை?"

"கிளாஸ்ல. என்ன கேட்ட?"

அவள் சிரித்தாள். எவ்வளவு பிரியமாகச் சிரித்தாள் என்பதை நான் பார்த்தேன், அதனால்தான் இன்னும் மனசு ஆறவில்லை. "அங்க நாம கேக்க வேண்டாம்பா. அவங்களே கேப்பாங்க. நாம சொன்னாப் போதும்." சொல்லிவிட்டு, தோழிகள் கூப்பிட்டதும் முன்னால் ஓடிவிட்டாள்.

அவர் பையின் வாரைச் சரிசெய்தார். சரியாகத்தான் இருந்தது, மறுபடியும் சரிசெய்தார். பள்ளிக்கூடத்தை விட்டுக்கொடுத்துப் பேசவும் எனக்கு வரவில்லை, தாங்கிப் பேசவும் வரவில்லை.

ஆகஸ்டில் எனக்கு ஜுரம் வந்து ஒரு நாள் விடுப்பில் வீட்டில் படுத்திருந்தேன். தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டு, மழை என்று நினைத்தேன். எழுந்து பார்த்தால் வெயில். தொட்டி வழிந்துகொண்டிருந்தது. ஆறு வருஷத்தில் முதல் தடவை.

சுவிட்சை அணைத்துவிட்டு மேலே போனேன். கதவு திறந்தேயிருந்தது. சாப்பாட்டு மேசை முன்னால் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லாவுக்குப் பகல் டூட்டி. மேசையில் மயில் படம் போட்ட டப்பா, மூடி தனியாக.

"தம்பி, தொட்டி வழியுது."

"ஐயோ, போட்டதையே மறந்துபோட்டேனுங்க்கா" என்று எழுந்தார்.

"அணைச்சுட்டேன், உக்காருங்க" என்று நானும் எதிரில் உட்கார்ந்தேன்.

"திங்கக்கிழமைங்க" என்றார். "கை தானா டப்பாவுக்குப் போயிருது. காலியா இருந்தா எடுக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்களே. அதனால நானே ஒண்ணு போட்டேன்."

சீட்டை என் பக்கம் தள்ளினார். அவருடைய கோணல் எழுத்து. 'பகல் பதினொரு மணிக்கு வீட்டில் தனியாக இருப்பது எப்படி?'

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றாக ஒரு நிமிஷம் இருந்தது.

"உங்களுக்குத் தெரியுங்களா அக்கா?"

நான் யோசித்துப் பார்த்தேன். இருபது வருஷமாகப் பதினொரு மணிக்கு நான் வீட்டில் தனியாக இருந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் சர்ச், சமையல், யாராவது வந்திருப்பார்கள்.

"தெரியாது தம்பி" என்றேன். சும்மா இருக்க முடியவில்லை. அவர் சொல்வதையே சொன்னேன். "செஞ்சே பாத்துடலாம்."

அப்போது இரண்டு தெரு தள்ளி எங்கள் பள்ளி மணி அடித்தது. அவர் தலையைத் தூக்கினார்.

"இன்டர்வல்" என்றேன்.

"எவ்வளவு நேரமுங்க?"

"பத்து நிமிஷம்."

அவர் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். மொட்டை மாடியில் தேங்கிய தண்ணீர் குழாய் வழியே சொட்டிக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு தள்ளுவண்டிக்காரர் கொத்தமல்லி என்று கூவிக்கொண்டு போனார். தூரத்தில் பிள்ளைகளின் கூச்சல், அதில் எது ஜெனியின் குரல் என்று பிரிக்க முடியாது. அவர் பிரித்துப் பார்க்க முயற்சி செய்துகொண்டிருந்தார்.

மறுபடி மணி அடித்தது. கூச்சல் மெல்ல அடங்கியது.

"சரிங்க்கா" என்று அவர் சீட்டை நான்காக மடித்து டப்பாவுக்குள்ளேயே திரும்பப் போட்டார். "பத்து நிமிஷம் கத்துக்கிட்டாச்சு."